தலையில் கை வைக்க வந்தவர்கள்

என் வீட்டுக்காரர் பல் தேய்த்துத் துப்பியதில் ரத்தம் வந்தது. எங்கேயும் இடிக்காமலே தொடை நீலம் பாய்ந்திருந்தது. "இவளுக்கு எதப் பாத்தாலும் பயம்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவள்; சிரிக்க வசதி. அக்யூட் லுகேமியா (வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோய்) என்று தெரிந்ததும் அதே வாய்கள் தைரியம் சொல்ல வந்தன.

கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து) நல்லது கெட்டது பார்க்காது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களையும் சேர்த்தே அழிக்கும். அவை திரும்ப வரும்வரை சாதாரணக் கிருமியும் ஆளைக் கொண்டுபோய்விடும். இரண்டாம் சுற்று முடிந்து புனே பக்கத்துத் தேஹு ரோடு வீட்டுக்கு அனுப்பும்போது, கூட்டம் கூடாது, பூ கூடாது, நறுக்கி வைத்த பழம் கூடாது, காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே கிளம்பி வாருங்கள் என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னார்.

மறுநாளே புனேயின் இன்னொரு மூலையான வானவடியிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மைனி, தன் ஜெபக் குழுவோடு வந்து இறங்கினார். ரோஜா மாலை, நறுக்கிய பப்பாளி. ஒருவர் இருமிக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னார்.

"தள்ளி நில்லுட்டி. தம்பி தலைல கை வச்சு ஜெபிச்சிட்டுப் போயிருதோம்."

"இங்கன நின்னே ஜெபிங்க மைனி. ஆண்டவருக்குக் கேக்கும்."

"விசுவாசம் இல்லாத வீட்டுல சுகம் எப்படிட்டி வரும்?"

"மொதல்ல அந்தண்ணன் இருமலுக்கு ஜெபிங்க."

உள்ளேயிருந்து இவர், "விடேன், அக்காதான" என்றார். மானம் போகிறதாம். சாகக் கிடக்கும்போதும் ஊர் மரியாதை. நான் நகரவில்லை. பப்பாளியோடு திரும்பிப் போனார்கள்.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டர் ஏறியதுமே வண்டி பிடித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மைனி, "பாத்தியா, எங்கள வெரட்டுனியே" என்றார். அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார்.

கிருமி வெளியிலிருந்து வரவில்லை, என் வீட்டுக்காரர் குடலிலேயே இருந்தது என்றார் டாக்டரம்மா. உடனே மருந்து ஏறியதால் பிழைத்தார். அப்படியானால் கதவை மறித்தது வீணா என்று கேட்டேன். "வீணில்லை. ஒரு வழியை அடைத்தீர்கள். இன்னொரு வழி உள்ளேயே இருந்தது" என்றார்.

இவருக்கு வெள்ளை அணுக்கள் திரும்ப ஏறிவிட்டன. தன் ஜெபத்தால் தம்பிக்குச் சுகம் என்று மைனி சபையில் சாட்சி சொன்னார். சொல்லட்டும். உங்கள் வீட்டுக்கும் இப்படி வருவார்கள். பயந்தாங்கொள்ளி என்றால் ஆமாம் என்று சொல்லிவிட்டு, கதவிலேயே நில்லுங்கள்.

உடம்பு என்பது, தன்னைக் கொல்லக்கூடியதைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு டீ கேட்கிற ஒன்று. முன்பெல்லாம் பத்து வருஷம் தள்ளி வரப்போவதற்கும் சேர்த்துப் பயப்படுவேன். இப்போது இவர் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். சுடவில்லை. நாளைக்கு இட்லிக்கு அரிசி ஊறப்போடுகிறேன். அதற்கு மேல் யோசிப்பதில்லை.