டைரியில் தவறாகப் பதிந்த மூன்று நாட்கள்

"இன்று கமலா பேசவில்லை. காரணம் தெரியவில்லை." என் டைரியில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இதே வரிதான் இருக்கிறது.

அந்த வாரம் மாரண்டஹள்ளியில் எங்கள் மாந்தோப்பில் களை வெட்டும் மெஷின் ஓட்டினேன். அதன் இரைச்சலை மீறிக் கேட்க, ஹெட்போனில் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்திருந்தேன். மாலையில் காதுக்குள் ஒரே ரீங்காரம். பொருட்படுத்தவில்லை.

என் மனைவி கமலாவுக்கு மெல்லிய குரல். வியாழன் காலை எதிரில் வந்து நின்று உரக்கவே கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஏங்க, மூணு நாளா நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கறேன். அப்படி என்னங்க கோவம் எம்மேல?"

அவள் பேசியது எதுவும் என் காதில் விழவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. டைரியைக் காட்டினேன்.

"இதுல எழுதத் தெரியுது, எங்கிட்டக் கேக்கத் தெரியலீங்களா?" என்று சிரித்தவள், அன்றே தருமபுரிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"ஒரு சத்தத்த மறைக்க இன்னொரு சத்தம் வெச்சீங்க. ரெண்டையும் காதுதானே தாங்கணும்?" என்றார் அவர். உடனே வந்ததால் கேட்கும் திறன் பெருமளவு திரும்பியது.

இப்போது மெஷின் ஓட்டும்போது காதடைப்பான் மட்டும்தான், பாட்டு கிடையாது. மற்ற நேரத்தில் பாதிச் சத்தத்தில் கொஞ்ச நேரம் கேட்கிறேன். டைரி எழுதும் முன் கமலாவிடம் பேசிவிடுகிறேன்.

அந்த மூன்று நாளும் என்ன பேசினாய் என்று கேட்டால், "மறந்துபோச்சுங்க" என்கிறாள். அது உண்மைதானா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.