மேல்காட்டு ரேகைகள்

ஈரச் சாக்கும் உருகிய அரக்கும் கலந்த ஒரு வாசனை... ஏற்காடு மலையில் நான் முதன்முதலாக வேலை பார்த்த தபால் ஆபீஸை நினைத்தால் அதுதான் மூக்கில் ஏறும்.

ஓர் ஐப்பசி மழையில் ஆரோக்கியம் அக்கா வந்தார். செம்மநத்தம் பக்கம் எஸ்டேட் வேலை.

"ஏனுங்க, எங்க மேல்காட்டுக்குத் தபால் வந்ததுக்கு அத்தாச்சி ஏதாச்சும் இருக்குங்களா?"

அப்படி ஓர் ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஊற்று வற்றியதும் சனங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு இறங்கிவிட்டார்களாம். மிச்சம் கல்லறைகள்தான். அக்காவின் வீட்டுக்காரரையும் அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். நிலத்தைப் புதிதாக வாங்கியவர் கம்பிவேலி போடுகிறார். "அங்கே ஊரே இருந்ததில்லை, வழி விட முடியாது" என்கிறார். மறுநாள் தாசில்தார் விசாரணை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவரைப் பார்க்கப் போக அத்தாட்சியா?

அலமாரிகளைக் குடைந்தேன். பழசையெல்லாம் எப்போதோ கழித்துக் கட்டியிருந்தார்கள். சாயங்காலம், ஒரு மூட்டைக்கு அடியில் அந்த வருகைப் புத்தகம் அகப்பட்டது. ஒவ்வொரு ஊருக்கும் போய் வந்ததற்குச் சாட்சியாக, தபால்காரர் அங்கேயே யாரிடமாவது கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். மேல்காடு... வரிசையாகப் பெருவிரல் ரேகைகள்!

ரிட்டயர் ஆன தபால்காரர் தங்கவேல் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினோம். புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"கண்ணு, இது பூராம் மழக்கால ரேகைங்க. மழையில நான் மேல ஏறமாட்டேன். வழுக்கும், காட்டெருமை நிக்கும். கீழ சந்தையிலயே தபாலக் குடுத்து ரேகை வாங்கிருவேன்."

"நாளைக்குக் கேட்டா என்னங்கண்ணா சொல்லுவீங்க?"

அவர் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார்.

மறுநாள் விசாரணைக்கு அண்ணனோடு நானும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் அண்ணனிடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "இந்த ரேகையை எல்லாம் அந்த ஊரில் வைத்துத்தான் வாங்கினீர்களா?"

பொய் சொல்லுங்கண்ணா... மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லீங்க. சந்தையில வாங்குனது."

வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். தாசில்தார் பேனாவை மூடப் போனார்.

ஆரோக்கியம் அக்கா எழுந்தார்.

"அவரு சொல்றது நெசந்தானுங்க. மழை பேஞ்சா மேல வரமாட்டாரு. அதுனாலதான் நாங்க எறங்கி வந்து ரேகை வெச்சோம். அதுல ஒண்ணு எம்பட ரேகைங்க. ஊரே இல்லீன்னா... நாங்க எங்கிருந்துங்க எறங்கி வந்தோம்?"

தாசில்தார் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு ரேகையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

வழி கிடைத்தது. வேலியில் இன்றும் ஒரு கேட் திறந்தேதான் இருக்கிறது.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். வாசல் வரைக்கும் வந்த கூரியர்கூட "லொகேஷன் அனுப்புங்க" என்கிறான். போன் மேப்பில் மேல்காட்டைத் தேடினால் வெறும் பச்சைதான் தெரிகிறது.

போன கல்லறைத் திருநாளுக்கு அங்கே போயிருந்தேன். நல்ல மழை. மழையில் ஏறவே ஏறாத தங்கவேல் அண்ணன், தடியை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் ஆரோக்கியம் அக்கா பெருவிரலை நீட்டினார்.

"வந்துட்டீங்களே தபால்காரரே... இப்ப ரேகை வெக்கட்டுங்களா?"