நசரத்பேட்ட எப்போக்கா ஃபாரின் ஆச்சு?

அடுத்தவர் பிள்ளையின் படிப்புக்காகக் கை நீட்டுகிற வேலைக்கு முதல் தகுதி, பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கத் தெரிவது. எனக்கோ மூக்கின் மேல் கோபம். விருதுநகர்க்காரி, வாயும் சும்மா இருக்காது. வாரம் முழுக்க அம்பத்தூரில் கணினி வேலை. சனி, ஞாயிறு வந்தால் நசரத்பேட்டையில் இலங்கை அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்கள் படிப்புக்கு நன்கொடையும் திரட்டுகிறேன். நல்ல காரியத்துக்குக் காசு கேட்டு யார் வீட்டு வாசலிலாவது நீங்கள் நின்றிருந்தால், மேலே படிக்கும்போது உங்களுக்கும் தாடை வலிக்கும்.

பாவமான போட்டோ

எங்கள் அலுவலகத்தில் ஒருவர். நல்ல மனிதர். நான் கேட்காமலே உதவ வந்தார், பிள்ளைகளின் படம் ஒன்று அனுப்பச் சொன்னார். வகுப்பில் எடுத்ததை அனுப்பினேன். படம் எடுக்கப் போகிறேன் என்றதும் ஓடிப்போய் முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரிக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகள். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

அதன் பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நானே போய் எதிரில் உட்கார்ந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, என் மனம் நோகக் கூடாதே என்ற அக்கறையோடு சொன்னார்: "கொஞ்சம் பாவமா இருக்கிற மாதிரி வேற போட்டோ இல்லீங்களா மேடம்?"

வெளிநாட்டு மாணவி

அந்தப் படத்தில் நடுவில் நின்று எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பவள் தர்ஷிகா. அப்பா பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறார். அப்பாவும் அம்மாவும் சண்டைக் காலத்தில் படகேறி வந்தவர்கள். தர்ஷிகா பிறந்தது பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரியில். இலங்கைத் தமிழ் கேட்கப் போகிறோம் என்று நான் ஆசையோடு போன முதல் நாளே, "இன்னாக்கா, எவ்ளோ நேரமா குந்திகினு கீறோம்" என்று என்னை வரவேற்றவள் அவள்தான்.

பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.காம். சீட்டும் கிடைத்துவிட்டது. கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்று கேட்கக் கல்லூரிக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் அவளுடைய அகதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். வெளிநாட்டு மாணவி என்றுதான் சேர்க்க முடியுமாம். தவணை கிடையாதாம். வருகிற திங்கட்கிழமைக்குள் முழுப் பணமும் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடுமாம். நான் குரலை உயர்த்தினேன். தர்ஷிகா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அவள் சிரிக்கவே இல்லை. இரண்டு பஸ்ஸை விட்டோம். மூன்றாவதில் ஏறும்போது கேட்டாள்: "நசரத்பேட்ட எப்போக்கா ஃபாரின் ஆச்சு?"

செயலாளரின் யோசனை

திங்கள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நான் குடியிருக்கும் அயனம்பாக்கம் அடுக்ககத்திலேயே கேட்பது என்று துணிந்தேன். அதுவரை அங்கே கேட்டதில்லை. தினமும் லிஃப்டில் முகம் பார்க்கிறவர்கள் இல்லையா? சங்கச் செயலாளர் உட்காரவைத்து, காபி கொடுத்து, முழுவதும் கேட்டார். ஞாயிறு மாலை ஆண்டு விழா. அந்தப் பெண் மேடையில் ஐந்து நிமிடம் பேசட்டும், அங்கேயே எல்லாரிடமும் திரட்டிவிடலாம் என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கதவு வரை வந்து வழியனுப்பியவர், ஒரு சின்ன விஷயம் என்று நிறுத்தினார்: "அந்தப் பொண்ண அவங்க ஊர்த் தமிழ்லயே பேசச் சொல்லுங்க மேடம், அதக் கேட்டாத்தான் நம்ம ஆளுங்களுக்கு மனசு இளகும்."

ஒத்திகை

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, சரி என்றுவிட்டேன். சனிக்கிழமை தர்ஷிகாவின் அம்மா முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அந்த அம்மா அதிகம் பேசாதவர். கடையில்கூட விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவார். அவர் பேச்சைக் கேட்டதும் ஊர் எது என்று விசாரித்து, வீட்டைக் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

அம்மா "எங்கட வீடு" என்றார். மகள் "எங்கட ஊடு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர்களுக்கு வரவில்லை. மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்து, தர்ஷிகா எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் போன திசையைப் பார்த்தபடி அம்மா என்னிடம் சொன்னார்: "வெளியில இப்பிடிக் கதைச்சா வாயில போடுவன் எண்டு வெருட்டி வளத்த பிள்ளை, இப்ப அப்பிடியே கதை எண்டு சொன்னா எங்கயிருந்து வரும்?"

ஞாயிறு மாலை

தர்ஷிகாவின் அம்மாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் நடனமெல்லாம் முடிந்து தர்ஷிகாவைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தாள். "வணக்கம். என்ட பேர் தர்ஷிகா. நாங்கள் படகில..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். முன்வரிசையில் சிலர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது தன் அம்மாவின் பேச்சு, தனக்கு வராது, படகில் வந்தது அவர்கள், தான் பிறந்தது பூந்தமல்லியில், பி.காம். படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று தன் தெருத் தமிழிலேயே சொல்லி முடித்தாள். கைதட்டல் இல்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "அப்புறம் இந்தப் பொண்ணு எப்படிங்க அகதி?" என்று செயலாளரைக் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. விடிந்தால் திங்கட்கிழமை.

பின்னால், சிற்றுண்டி மேசைக்குப் பக்கத்தில் தர்ஷிகாவின் அம்மா எழுந்து நின்றார். "அகதி நான்தான் ஐயா. அவள் இங்க பிறந்த பிள்ளை. உங்களுக்கு இந்தப் பேச்சுத்தான் வேணுமெண்டா நான் கதைக்கிறன். அவளைப் படிக்க விடுங்கோ."

கதைத்தார். கடையில் விரலால் காட்டுகிறவர், படகைப் பற்றியும் கரையைப் பற்றியும் வழியில் விட்டுவிட்டு வர நேர்ந்தவர்களைப் பற்றியும் சொன்னார். கூடம் மூக்கை உறிஞ்சியது. ஒவ்வொருவராகக் கைபேசியை எடுத்துப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். மேடையில் தர்ஷிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டணம் சேர்ந்துவிட்டது என்று சொல்ல வந்த செயலாளர் என் காதருகே குனிந்தார்: "இந்தம்மாவையே மொதல்ல மேடையேத்தியிருக்கலாமே மேடம், சூப்பரா பேசுறாங்க."

திரும்பும் வழி

ஷேர் ஆட்டோவில் மூவரும் வந்தோம். காலையில் பணத்தைக் கட்டிவிடலாம் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தர்ஷிகா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லிலும் தடுமாறாமல் சொன்னாள்: "அழாதேங்கோ அம்மா, இனி நீங்கள் ஒருத்தருக்கும் இப்பிடிக் கதைக்க வேணாம்."

எங்கள் செயலாளர் ஆசைப்பட்ட அந்தத் தமிழ், மேடையில் மகள் வாய்க்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டு, பூந்தமல்லி ஷேர் ஆட்டோவில் காசு வாங்காமல் வந்தது.