ரேடியேட்டருக்குக் கலப்பத்து

"ஆவிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாத கழுத, நீ எஞ்சினப் பத்திப் பேச வந்துட்டியாக்கும்!" என்று அந்தோணிச் சித்தப்பா என் தலையில் ஒரு தட்டுத் தட்டியபோது, லாரியின் மூக்கிலிருந்து எங்கள் மாதா கோயிலின் வாசனை வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் தூபக் கலசத்தை ஆட்டும்போது வருமே, அதே வாசனை. அதோடு மீன் கவிச்சியும் காய்ந்த இரும்பின் நெடியும் கலந்து, கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஒன்று சுருண்டு சுருண்டு ஏறியது. அது புகை என்று நான் சொன்னேன். ஆவி என்றார் சித்தப்பா. ஓட்டிக்கொண்டிருந்த அய்யா ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்.

அய்யா என்றால் என் அப்பா; பெயர் சூசை. தொண்டியில் தலைமுறை தலைமுறையாக வத்தை என்னும் பலகைப் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் குடும்பத்தில், கரையில் பிழைக்க வந்த முதல் ஆள் அவர்தான். உலகச் சண்டைக் காலத்தில் மண்டபத்துப் பட்டாள முகாமில் எடுபிடி வேலைக்குப் போனவர், லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பினார். சண்டை முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது தொண்டி முதலாளி ஒருவர் ஒரே மாதிரி இரண்டு லாரிகளை எடுத்தார். ஒன்று உப்பு ஏற்றப் போய் அச்சு முறிந்து உப்பூர் உப்பளத்துக் கொட்டகையில் கிடந்தது. மற்றொன்று அய்யாவிடம் வந்தது. காலையில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளைத் தொண்டியில் ஏற்றி, ராமநாதபுரம் ஸ்டேஷனில் சாயங்கால ரயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சித்தப்பா அதில் "கிளீனர்".

அந்தக் கோடையில் நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கையெழுத்துக்கூடப் போட்டதில்லை. ஜூன் மாதம் ராமநாதபுரத்தில் கன்னியர் விடுதியில் தங்கி ஆறாம் வகுப்பு சேர அய்யா இடம் கேட்டு வைத்திருந்தார். "அம்புட்டுத் தூரத்துல பிள்ளைய விட்டுட்டு நான் எப்பிடி இருப்பேன்?" என்று அம்மா அழுதபோது, "வாராவாரம் நம்ம வண்டியிலயே கூட்டிட்டு வாரேன், கூட்டிட்டுப் போறேன். வேற என்ன வேணும் உனக்கு?" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் அம்மா அரை மனதாகத் தலையாட்டியிருந்தார். ஆக, அய்யா கையில் ஸ்டீயரிங் இருக்கும்வரைதான் எனக்குப் பள்ளிக்கூடம். அந்த ஸ்டீயரிங்தான் ஆட்டம் கண்டிருந்தது. பங்குனியில் ஒரு நாள், நல்ல தண்ணீர் கிடைக்காமல் வழியிலிருந்த உப்புக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றப்போக, அது கொதித்துப் பொங்கி வண்டி நின்று, மீன் அவ்வளவும் நாறிப்போயிற்று. "இன்னொரு தடவை மீன் நாறுச்சுன்னா நீயா எறங்கிக்க சூசை, நான் சொல்ல வேண்டியதில்ல" என்று முதலாளி சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் அய்யா அன்றிரவு சாப்பிட்டிருப்பார்.

அந்த உப்பு நீர் ரேடியேட்டரின் அடியை அரித்துவிட்டது. முதலில் வேர்வை போல் கசிந்தது; பிறகு சொட்டியது. பற்றவைக்க மதுரைக்கு அனுப்பினால் வண்டி ஒரு வாரம் நிற்கும். அதற்கு முதலாளி சம்மதிக்கமாட்டார். அப்போதுதான் சித்தப்பா, "இதுக்குப் போயி மதுரையா? நான் கலப்பத்துப் பாத்துத் தாரேன்" என்றார். வத்தையில் பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி அடைப்பதற்குத்தான் எங்கள் கரையில் "கலப்பத்து" என்று பெயர். அதில் சித்தப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் அடைத்த வத்தை ஒரு பருவம் முழுக்க ஒரு சொட்டுக் குடிக்காது. அதே பக்குவத்தில் ரேடியேட்டரின் ஓட்டைகளை வெளியிலிருந்து அடைத்தார். போதாதென்று மூடியைத் திறந்து, உள்ளேயும் இரண்டு கரண்டி ஊற்றினார். இராத்திரி முழுக்க நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. நான்கூட கைதட்டினேன்.

மறுநாள்தான் விடுதிக்கு டிரங்குப் பெட்டி வாங்க என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். உப்பூரைத் தாண்டியதும் எஞ்சின் நன்றாகக் காய்ந்துவிட்டது. அந்தப் புளியமரத்தடியில் அய்யா எஞ்சின் மூடியைத் திறந்தபோது குங்கிலியம் வெண்ணெய்போல உருகி வழிந்து சூடான குழாயில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. பஞ்சு வெளியே தொங்கியது. உள்ளே ஊற்றியது தண்ணீரோடு ஓடி, ரேடியேட்டரின் மெல்லிய குழல்களுக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தது.

"வத்தையில தண்ணி உள்ள வரப் பாக்கும். இதுல வெளிய போகப் பாக்கும். அதுவும் கொதிச்சுக்கிட்டு" என்றார் அய்யா. "கடலு என்னைக்குடா கொதிச்சுது?"

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகும் சத்தம் அப்போதுதான் எங்கள் மூவருக்கும் கேட்டது. காக்கைகளுக்கு அது முன்பே கேட்டிருக்க வேண்டும். பெட்டிகள்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன.

"ஏலே அந்தோணி, எந்திரி. உப்பளத்துல கெடக்கிற வண்டியோட ரேடியேட்டரக் கழட்டிட்டு வா. ரெண்டும் ஒரே அச்சுத்தான்" என்றார் அய்யா. சித்தப்பா ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினார். அவர் ஒரு மாட்டுவண்டியில் அதை ஏற்றிக்கொண்டு திரும்புவதற்குள் அய்யா பழையதை இறக்கிவிட்டார். துருவேறிய போல்ட்டுகள் ஒவ்வொன்றும் அவர் விரல் முட்டியிலிருந்து கொஞ்சம் தோலை வாங்கிக்கொண்டுதான் கழன்றன. நான் மண்ணெண்ணெய் விட்டேன், கழன்றவற்றை மடியில் வாங்கிக்கொண்டேன், இடையிடையே ஓடிக் காக்கை விரட்டினேன். பின்னால் ஒழுகிய தண்ணீர் அதுவரை தெளிவாக இருந்தது. இப்போது இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அய்யாவும் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் குனிந்துகொண்டார்.

வந்த ரேடியேட்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. உதறித் தட்டி, விசிறியில் இடிக்காமல் இருவரும் மூச்சைப் பிடித்து அதை இறக்கிப் பொருத்தினார்கள். பக்கத்து உப்புக் கிணற்று நீரை ஊற்றிச் சோதித்தபோது, குழல்கள் சுத்தமாக இருந்தன; ஆனால் கீழே ரப்பர்க் குழாய் மாட்டும் கழுத்தில் உப்பு அரித்து மெலிந்திருந்ததால், குழாய் பிடிக்காமல் நீர் பீறிட்டது. சித்தப்பா என்னைப் பார்க்காமல், அய்யாவையும் பார்க்காமல், ஸ்பேனர் பையில் கிடந்த சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் கழுத்தில் சுற்றி, அதன்மேல் குழாயை ஏற்றி, இடுப்பில் எப்போதும் வைத்திருக்கும் வலைநூலால் பல்லைக் கடித்து இழுத்து இழுத்துக் கட்டினார்.

"நனைஞ்சா நூலு இறுகும்" என்றார் மெதுவாக. "இது உருகாது." அய்யா அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்லவில்லை.

இனி நல்ல தண்ணீர் வேண்டும். உப்பு நீரை வடித்துவிட்டு, தகர டின்னோடு சித்தப்பாவும் நானும் பக்கத்து ஊருக்கு ஓடினோம். சுற்றுவட்டாரத்தில் அந்தக் கோடைக்கு மிஞ்சியிருந்த குடிதண்ணீர்க் குளம் அந்த ஊரின் ஊருணி ஒன்றுதான். கரையில் கம்போடு காவல்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். படித்துறையில் பெண்கள் குடங்களோடு முறைக்குக் காத்திருந்தார்கள்.

"தகரத்த அங்கனயே வையி. என்ன, தாகமா?" என்றார் காவல்காரர்.

"லாரிக்கு" என்றேன்.

"இது மனுசரு குடிக்கிற தண்ணி. மாட்டுக்கே வேற குளம். லாரி என்ன மாட்ட விட ஒசத்தியா?"

சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டதும் காவல்காரர் எழுந்து நின்றுவிட்டார். "கடக்கரை ஆளுகளா? வாடை இங்கன வரைக்கும் வருது" என்று ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொள்ள, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அழுதால் இன்னும் சிரிப்பார்கள். ஒல்லியான ஓர் அக்கா நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறி வந்தார். காவல்காரர் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவர் அப்படி ஒதுங்கியதைப் பார்த்ததும்தான் கேட்கத் தோன்றியது.

"அந்தக்கா குடத்துல இருக்கிறது யாரு தண்ணி?"

"அவ வீட்டுத் தண்ணி."

"ஊருணித் தண்ணி இல்லையா?"

"இடுப்புல ஏறிட்டா அவ வீட்டுத் தண்ணிதான். இதென்ன கேள்வி?"

நான் அந்த அக்காவிடம் திரும்பினேன். "அக்கா, வெயில்ல வந்து உங்க வாசல்ல தண்ணி கேட்டா ஊத்துவீங்களா?"

"கேட்டவுகளுக்குத் தண்ணி இல்லைன்னு சொல்ற ஊராடி இது?"

"எதுக்குன்னு கேப்பீங்களா?"

"குடைஞ்சு குடைஞ்சு கேக்க நான் என்ன போலீசா?"

"அப்ப உங்க கூடவே வாரேன். வாசல் வரைக்கும் போகணுமா, இல்ல வழியிலயே ஊத்துவீங்களா?"

 அந்த அக்கா குடம் தளும்பச் சிரித்தார். "ஓய் காவலு, இந்தச் சுண்டெலி உம்மக் கட்டிப்போட்டுட்டா பாத்தீரா!" காவல்காரர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "கரையத் தாண்டி எங்கிட்டுக் கொட்டுனா எனக்கென்ன."

மூக்கைப் பொத்தியவர் உட்பட ஐந்தாறு பேர் எங்களோடு சாலைக்கு வந்தார்கள். குடம் டின்னில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார்கள். ஒவ்வொருவரும் திரும்பிப் போய் மறுபடி முறைக்கு நிற்க வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "ரெண்டு மீனு போடுறது?" என்று ஒருவர் கேட்டதற்கு அய்யா, "மீன் என்னுது இல்ல தாயி" என்றார். "அப்ப ஒன் மீனா ஒரு நாளைக்குக் கொண்டா" என்று சொல்லிக்கொண்டே அவரும் ஊற்றினார். ஒல்லி அக்கா வண்டியின் முகத்தைப் பார்த்து, "எங்க உலைத் தண்ணியக் குடிச்சிருக்க, ஒழுங்கா ஓடு" என்றார்.

எஞ்சின் மூடியை ஒரு பக்கம் தூக்கிக் கட்டிவிட்டு, சித்தப்பா படியில் தொங்கியபடி அந்த நூல் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "சொட்டுதாலே?" என்று அய்யா கேட்டுக்கொண்டே இருந்தார். "சொட்டுது." கொஞ்ச தூரம் போய், "சொட்டுதா?" "சொட்டுது." வண்டி மாட்டு வேகத்தில் போனது, வேகம் கூட்டினால் கொதிக்கும், கூட்டாவிட்டால் ரயில் போய்விடும். தேவிபட்டினம் சாலையில் திரும்பும்போது அய்யா கேட்கவில்லை, சித்தப்பாவாகவே சொன்னார்: "நின்னுருச்சுண்ணே. நூலு இறுகிருச்சு." அய்யா அப்போதுதான் முதன்முறையாகக் காலை அழுத்தினார். நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்தபடி, தெரிந்த செபங்களையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வாய்பாட்டைச் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. பார்சல் குமாஸ்தா பெட்டிகளைத் திறந்து முகர்ந்து, மேல் அடுக்கை ஏற்றச் சொன்னார். அடி அடுக்கு முழுவதையும் நாறிவிட்டதென்று தள்ளிவிட்டார். டிரங்குப் பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போகவில்லை. 

மறுநாள் முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, கழற்றிக் கொண்டுவந்திருந்த பழைய ரேடியேட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, "குங்கிலியம் ஊத்துன புத்திசாலி யாரு?" என்று கேட்டார். அய்யா வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முன்னால் வந்து, "நான்தான் மொதலாளி. அண்ணன் வேணாம்னுதான் சொன்னாக" என்றார். அது பொய். அய்யா அப்படிச் சொல்லவே இல்லை. முதலாளி, வந்ததும் கேட்டு வாங்கியிருந்த வண்டிச் சாவியை அய்யாவிடமே திரும்பக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை போன சித்தப்பா அன்று மாலையே வத்தைக்குத் திரும்பினார். ஜூன் மாதம் நான் ராமநாதபுரம் போனபோது, அவர் உட்கார்ந்த இடத்தில் என் துணி மூட்டை உட்கார்ந்திருந்தது.

இப்போது அந்தச் சாலையில் புது டீசல் லாரிகள் ஓடுகின்றன. ஆவிக்கு ஒதுங்கி நிற்கும் வண்டிகளை அதிகம் காண முடியவில்லை. உப்பளக் கொட்டகை ஒரு புயலில் போயிற்று. பட்டாளத்து லாரியை இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். அய்யா வேறு முதலாளியிடம் ஓட்டுகிறார். சித்தப்பா கடலில் இருக்கிறார். விடுமுறையில் நான் கரைக்குப் போனால், படித்தவளிடம் பேசுவதுபோல் எழுந்து நின்று பேசுகிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளி முடித்ததும் டீச்சர் டிரெயினிங் போ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் மதுரையில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்திருக்கிறேன். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். பட்டறைக்கு அணியக் கொடுத்த நீலக் கோட்டு ஆண்கள் அளவில்தான் இருந்தது. வேறு அளவு வரும்வரை பட்டறையில் வேலை செய்ய வேண்டாம், தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார் மேற்பார்வையாளர். கோட்டின் கைகளை வெட்டி, மடித்து, நானே தைத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன்.