சீட்டில் "சுகவீனம்" என்று எழுதியிருந்தது

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவருக்கு மட்டும். சபையாருக்கும் வாழ்த்துச் சொல்லித் தொடங்குவதுதான் வழக்கம், எனக்கு இன்னும் அந்த மனசு வரவில்லை. பேச விட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். செல்வின் வந்திருக்கிறானா என்று யாரும் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம். வரவில்லை.

நான் எஸ்தர். கூக்காலில் கேரட் தோட்டத்தில் கூலி வேலை. ஞானமுத்து ஐயாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து என் அப்பாவோடு ஒன்றாக வந்தவர். இந்தச் சபை கட்டும்போது கல் சுமந்தவர். அக்டோபரிலிருந்து அவர் ஆராதனைக்கு வரவில்லை. அவர் மகன் செல்வின் ஞாயிறு தவறாமல் ஜெபப் பெட்டியில் ஒரு சீட்டுப் போடுவான். "அப்பா சுகவீனம். ஜெபித்துக்கொள்ளவும்." போதகர் வாசிப்பார். நாம் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிப்போம். நானும் அழுது அழுது ஜெபித்தவள்தான். ஒருத்தராவது போய்ப் பார்த்தோமா? இங்கிருந்து ஐந்து நிமிஷ நடை.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளனே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். புல்லெல்லாம் உறைபனி. செல்வின் வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்குகிற பலகைக் கொட்டகை இருக்கிறதே, அது வெளியே பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து இருமல் சத்தம்.

"யாரு உள்ள?"

"நாந்தான் புள்ள, ஞானமுத்து."

"இங்க ஏன்யா கெடக்கீங்க?"

"வீட்டுல கெஸ்ட் வந்திருக்காங்க. என் காம்பராவ அவுங்களுக்கு வுட்டுட்டான். நான் இருமுனா அவுங்க தூக்கம் கெட்டுப் போகுமாம்."

அவர் அறையைக் காம்பரா என்றுதான் சொல்வார், தோட்டத்துப் பேச்சு. வீட்டை ஹோம் ஸ்டே ஆக்கிவிட்டு, ஆள் வரும்போதெல்லாம் பெற்ற அப்பனை மூட்டையோடு மூட்டையாகப் பூட்டி வைத்திருக்கிறான். பலகை இடுக்கு வழியாகக் கையை நீட்டினார். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாராம், மகன் இழுத்தானாம். சாப்பாடு உண்டா என்று கேட்டேன். "சில நாள் மறந்துருவான் புள்ள" என்றார்.

வயசான இருமலைத் தவிர அவருக்கு வியாதியே இல்லை. இல்லாத வியாதிக்குத்தான் நாம் அத்தனை வாரம் முழங்காலில் நின்றிருக்கிறோம்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நேரே போதகரிடம் ஓடினேன்.

"குடும்ப விஷயம்மா எஸ்தர். போலீசு அது இதுன்னு போனா சபை பேரு கெட்டுரும். நான் செல்வின்கிட்டப் பேசுறேன்" என்றார்.

பேசினார். சொன்னது யார் என்பதையும் சேர்த்தே பேசினார். மறுநாள் அந்த இடுக்கின்மேல் தகரம் அடித்திருந்தது. செல்வின் என்னை வழியில் மறித்தான். "அக்கான்னு பாக்குறேன். ஒஞ் சோலியப் பாத்துக்கிட்டுப் போ. இன்னொரு தடவ இங்கிட்டுத் தலைய நீட்டுன, தோட்டத்துல ஒனக்கு வேலை கெடைக்காது."

எனக்குப் பயம் வந்தது. அந்தக் குளிரில் கிழவர் செத்துப்போனால் அது என் வாயால் வந்த வினை. அன்று மத்தியானம் இந்தச் சபைப் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபித்தேன். ஜெபம் என்ன ஜெபம், சண்டை. "நாங்கதான் குருடு. நீர் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீர்? வெரசா யாரையாவது அனுப்பும். இல்லன்னா இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்" என்றேன்.

வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. மடியில் கிடந்த போனில் ஏதோ விளம்பர மெசேஜ் வந்து விழுந்தது. நம் தெருவில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் இந்தப் படிக்கட்டுதான், ஆராதனை முடிந்ததும் இங்கேதானே எல்லோரும் நின்று போன் பேசுகிறீர்கள். போனைப் பார்த்ததும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற முதியோர் உதவி எண் ஞாபகம் வந்தது. வரிசையில் நிற்கும்போது எத்தனையோ தடவை வாசித்த எண். அடித்தேன்.

"பெரியவர் இப்ப ஆபத்துல இருக்காராம்மா?" எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பூட்டிக் கெடக்காருங்க. ஆனா எங்கிட்ட அத்தாட்சி எதுவும் இல்ல."

"அத விசாரிக்கிறது அதிகாரிங்க வேலைம்மா. சந்தேகம் இருந்தாலே நீங்க சொல்லலாம். பாத்ததையும் கேட்டதையும் அப்படியே சொல்லுங்க."

எந்த நாள், என்ன நேரம், அவர் வயசு, வீட்டுக்கு வழி, காயம் எந்தக் கையில் என்று பொறுமையாகக் கேட்டார். என் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வோம் என்றார். மகனிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், அந்தக் கோபம் பெரியவர்மேல்தான் விழும் என்றார். ஏற்கெனவே விழுந்தாயிற்று என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆளைப் பூட்டி வைத்திருப்பதால் போலீசுக்கும் இப்போதே சொல்லுங்கள் என்றார். படியை விட்டு இறங்காமல் அதையும் செய்தேன்.

பொழுது சாய்வதற்குள் கொடைக்கானலிலிருந்து ஜீப் வந்தது. ஒரு எஸ்.ஐ., கூடவே சமூக நலத்துறை அம்மா ஒருவர். செல்வின் சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்தான். "அப்பாவுக்கு இங்கதான் கதகதன்னு இருக்குமாம்" என்றான். ஞானமுத்து ஐயாவும் மகனைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க, நாந்தான் கேட்டுப் படுத்தேன்" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. யார் யார் என்றும் மறக்கவில்லை.

அந்த அம்மா அசரவில்லை. "தம்பி, நீங்க சாரோட கொஞ்சம் அங்கிட்டு இருங்க" என்று செல்வினை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாக்கு மூட்டைமேல் ஐயாவுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தபோது ஐயா அவர் கையை விடவேயில்லை. முகமெல்லாம் கண்ணீர்.

முதலில் ஆஸ்பத்திரி. பிறகு அந்த அம்மாவே மனு எழுத உதவி செய்து, கோட்டாட்சியர் விசாரித்தார். வயதான பெற்றோரை இப்படி வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீடு ஐயா பேரில் இருப்பதால் மகனை வெளியேறச் சொல்லிவிட்டார். செல்வின் இப்போது செண்பகனூரில் மாமியார் வீட்டில் இருக்கிறான். அவனுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார் ஐயா. அவர் ஜெபிக்கட்டும், என்னால் இன்னும் முடியவில்லை.

சபை பேரைக் கெடுத்தவள் என்று மூன்று மாதமாக என்னோடு பேசாதவர்களே, நீங்கள் பேச வேண்டாம். ஆனால் என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததை இல்லையென்று சொல்லாதீர்கள். யாரையாவது அனுப்பும் என்றேன், அனுப்பினார். முதலில் என்னையே படியிலிருந்து எழுப்பினார். அவரை நம்புங்கள். நம்பிவிட்டு எழுந்திருங்கள்.

இப்போது பின்னால் திரும்பிப் பாருங்கள். கடைசிப் பெஞ்சில் இருமிக்கொண்டிருப்பது ஞானமுத்து ஐயாதான்.

போதகரே, இன்றைக்கும் பெட்டியில் சீட்டுகள் கிடக்கின்றன. "சுகவீனம்" என்று எதிலாவது எழுதியிருந்தால், கண்ணை மூடுவதற்கு முன்னால் எந்த வீடு என்று சொல்லுங்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன். வருகிறவர்கள் என்னோடு வாருங்கள்.