பதினாலாவது ஈயத் தகடு

மன்னிப்பது பெரிய குணம் என்று உபதேசிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. பெரும்பாலும் அவர்களிடமிருந்து யாரும் எதையும் பறித்திருக்க மாட்டார்கள். நான் பறிகொடுத்தவள். எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்த எனக்குப் பெரியதொரு நூதனசாலையில் காவல் வேலை கிடைத்தது; கிரேக்க, ரோமக் கூடத்தில் என்னை நிறுத்தினார்கள். மூக்குடைந்த அழகிகளையும் கையில்லாத வீரர்களையும் பார்க்க உலகமே வந்தது. என் மனம் போனதோ மூலையில் இருந்த ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியிடம்.

அதற்குள் கிடந்தவை ஈயத் தகடுகள். மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த ஊர்களில், இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னர், சாதாரண சனங்கள் எழுதிய சாபங்கள். பொருளைக் களவு கொடுத்தவர் ஈயத்தை மெல்லியதாகத் தட்டி, கூரான எதனாலோ கீறி, தெய்வத்துக்கு முறைப்பாடு எழுதுவார். பிறகு அதைச் சுருட்டி, ஆணி ஒன்றை அடித்து, கிணற்றிலோ சுனையிலோ பிணக்குழியிலோ போட்டுவிடுவார். கள்ளன் யாரென்று தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ‘ஆணோ பெண்ணோ, அடிமையோ எசமானோ’ என்று எழுதினால் தெய்வம் தேடிப் பிடித்துக்கொள்ளும். போர்வையைத் திருடியவனுக்குத் தூக்கம் வரக் கூடாது. மோதிரத்தை எடுத்தவனின் ஈரல் உருக வேண்டும். வாசித்தபோது சொந்தக்காரரைக் கண்டதுபோல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரில் அம்மன் கோயில் வாசலில் நின்று மண்ணை அள்ளித் தூற்றும் பெண்களும் இதைத்தானே கேட்டார்கள்.

ஒரு கொப்பி வாங்கினேன். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஆங்கில மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்து, நான் குடியிருந்த மனோர் பார்க்குக்குத் திரும்பும் ரயிலில் தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றின் கீழும் ஊரில் என் காதால் கேட்ட ஒரு சாபத்தை எழுதி ஒப்பிட்டேன். பெட்டியில் இருந்தவை பதின்மூன்று. பதினாலாவது என்னுடையது.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் என் தம்பி காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போனவன். சந்தியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. கண்டவர்களும் சொல்லப் பயந்தார்கள். மனு எழுதி எழுதிக் களைத்துப்போன நான், ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில், அந்த ஈயக்காரர்களின் முறையிலேயே எழுதினேன்:

‘நீலக் கட்டம் போட்ட சாரத்தையும் அதை உடுத்திருந்தவனையும் கொண்டுபோனவர், ஆணோ பெண்ணோ, அடிமையோ எசமானோ, திருப்பித் தரும்வரை உண்ணவும் உறங்கவும் கூடாது. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல அவர் கண் எரிய வேண்டும். தண்ணீர் கேட்டால் தண்ணீரும் எரிய வேண்டும்.’

மற்றவற்றோடு சேர்த்து அதற்கும் இலக்கம் போட்டேன். அது நான் எழுதியது என்று எங்கும் குறிக்கவில்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

விம்பிள்டனில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். ஊரில் தமிழ் வாத்தியார். லண்டனில் எங்கே மேடை போட்டாலும் அதில் அவருக்கு ஒரு கதிரை இருக்கும். எழுத்துப் பிழை திருத்தித் தரும்படி கொப்பியை அவரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல முயற்சி, பிள்ளை. ஆனால் கனக்க வேலை கிடக்கு” என்றார். எட்டு மாதம் போனது. நான் போன் எடுக்கும்போதெல்லாம் “பாக்கிறன், பாக்கிறன்” என்பார்.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரத்தானே வேண்டும். ஒரு சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போன தமிழ்க் கடையில், காசு கொடுக்கும் இடத்தில் ஒரு புத்தகம் இருந்தது. பழங்கால ரோமரின் சாபத் தகடுகள் பற்றியது. பின்னட்டையில் நாடியில் கை வைத்தபடி அவர். உள்ளே வெளியீட்டு விழா அழைப்பிதழ். வீடு வரை பொறுக்க முடியாமல் பஸ் தரிப்பில் நின்றே வாசித்தேன். வரிக்கு வரி என் கொப்பி. முன்னுரையில் ‘நூதனசாலையில் கதவு திறந்துவிட்ட சகோதரிக்கு நன்றி’ என்று இருந்தது. அந்தக் கூடத்துக்குக் கதவே கிடையாது.

அதையும் தாங்கியிருப்பேன். பதினாலாவதைத்தான் தாங்க முடியவில்லை. சாரத்தை ‘மேலங்கி’ ஆக்கியிருந்தார். ‘அதை உடுத்திருந்தவனையும்’ என்ற சொற்கள் இல்லை. துணியைத்தானே திருடுவார்கள், ஆளை எப்படித் திருடுவது, இவளுக்கு எழுதத் தெரியவில்லை என்று வெட்டியிருப்பார். என் தம்பியை இரண்டாம் தரமும் கொண்டுபோய்விட்டார்கள்.

மிளகாயை மட்டும் அவர் தொடவில்லை. அதற்குக் கீழே ஒரு அடிக்குறிப்பு வேறு: ‘ரோமர் காரம் விரும்பிகள் என்பது இதனால் புலனாகிறது.’ அங்கே சிரித்தேன். மிளகாய் இல்லாத ஓர் உலகத்தை எங்கள் ஆட்களால் கற்பனை செய்யவே ஏலாது. எழுதும்போது எனக்கும் அது தோன்றவில்லை. ஆனால் நான் ரோமாபுரிக்காரியாக எழுதவில்லையே, தம்பியின் அக்காவாக எழுதினேன்.

விழா ஞாயிறு பின்னேரம், ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை. ஆய்வுரை செய்தவர் அந்த அடிக்குறிப்பை எடுத்துச் சொல்லிப் புகழ்ந்தார். ஊரான் வீட்டு நெய்யில் எத்தனை பேர் விருந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். சபையிலிருந்து கேள்வி கேட்கலாம் என்றதும் எழும்பினேன்.

“ஐயா, ரோமாபுரியிலை மிளகாய் இருந்ததோ?”

“ஓம் பிள்ளை, அடிக்குறிப்பிலை விளக்கம் போட்டிருக்கிறன்.”

“மிளகாய் அமெரிக்காவிலையிருந்து வந்தது. எங்களுக்கே போர்த்துக்கேயன் கொண்டந்து தந்தது. ரோமாபுரி விழுந்து ஆயிரம் வரியம் கழிச்சுத்தான் அந்தப் பக்கத்துச் சனம் மிளகாயைக் கண்டது.”

“அப்ப என்னெண்டு கறி காய்ச்சினவங்கள்?” என்று பின்னாலிருந்து ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார். சபை சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

“அந்தப் பதினாலாவது தகடு எந்தப் பெட்டியிலை கிடக்கு எண்டு சொல்லுங்கோ ஐயா. நான் அங்கை ஆறு வரியமாய் நிக்கிறன்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீர்தானே அப்பிடி எழுதித் தந்தனீர்!” என்றார், மைக்கில்.

நான் முன்னால் நடந்துபோய் மைக்கை வாங்கி, சாரத்தோடும் அதை உடுத்திருந்தவனோடும், என் சாபத்தைச் சொன்னேன். பார்த்து வாசிக்க எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. பிறகு அது யாருடைய சாரம் என்றும் சொன்னேன்.

அவர் என் காதருகே குனிந்தார். “அடுத்த பதிப்பிலை உம்மடை பேரைப் போடுறன். இப்ப விடும்.”

“பேர் வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கிழியுங்கோ. எல்லாப் புத்தகத்திலையும். இப்பவே.”

“அந்தப் பிள்ளை சொல்லுறதைச் செய்யுங்கோ” என்று ஒரு பெண்குரல் கேட்டது. பிறகு பல குரல்கள். மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கத்தைக் கிழித்தார். நான் எதிரே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பொன்னாடை நழுவ நழுவத் தோளில் ஏற்றிக்கொண்டு கிழித்தார். ஒவ்வொரு கிழிசலும் எனக்கு இனித்தது, இதை மறைக்க மாட்டேன். மற்றப் பதின்மூன்றும் அவரிடமே இருக்கட்டும் என்று விட்டேன். செத்தவர்களின் சாபத்தை விற்றுத் தின்கிறவர் தலையில் அவையும் இறங்கட்டும்.

முன்னரே வாங்கியவர்களும் வரிசையில் வந்து புத்தகத்தைக் கொடுத்துப் பக்கத்தைக் கிழித்து வாங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் கொடுக்கவில்லை. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். முதலில் குரல் கொடுத்தவர் அவர்தான். நேரே என்னிடம் வந்தார்.

“பிள்ளை, இந்தப் பக்கத்தை நான் கிழிக்க விடன். எனக்கு இது வேணும். நீ சொன்னமாதிரிச் சரியாய் எழுதித் தா.”

புத்தகத்தை மடியில் விரித்து ‘மேலங்கி’ என்ற சொல்லை வெட்டினேன். சாரம் என்று எழுதத் தொடங்கியபோது என் கையைப் பிடித்தார்.

“சாரம் இல்லை. என்ரை மகன் சிவப்புச் சேர்ட் போட்டிருந்தவன்.”

சிவப்புச் சேர்ட்டையும் அதை உடுத்திருந்தவனையும் என்று எழுதினேன். மிளகாயைப் பற்றி இத்தனை பேர் சிரித்துவிட்டார்களே, அதை வெட்டிவிடவா என்று கேட்டேன்.

“ஒரு சொல்லும் குறைக்காதை” என்றார்.