நேராக அரையிறுதி

கால்பந்துப் போட்டி நடத்துகிற ஊருக்கு நியாயம் தெரியும் என்று நான் நம்பியதெல்லாம் தொண்ணூற்று ஒன்றாம் வருடக் கோடையோடு சரி. பக்கத்து ஊரில் ஏரி வற்றியதும் அதற்குள்ளேயே கோல்போஸ்ட் நட்டார்கள். நடத்துகிற ஊர் அணி நேராக அரையிறுதியில்தான் இறங்குமாம், அதுதான் வழக்கமாம். எங்கள் தண்டலம் பையன்கள் காலையிலிருந்து வெயிலில் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்தபோது, அவர்கள் புளியமரத்தடியில் தூங்கி எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

"இதெல்லாம் ஒரு போட்டியா?" என்று கத்தினேன்.

காலையிலிருந்து குடையை விட்டு நகராத எங்கள் மேனேஜர் சொன்னார்: "இன்னாத்துக்குக் கத்துற? அடுத்த வருசம் நம்மூர்ல நடத்துனா நாமளும் இதத்தான் செய்வோம்."

கெண்டைக்கால் பிடித்து மண்ணில் கிடந்த எங்கள் ஃபார்வர்டுகூட ஆமாம் என்று தலையாட்டினான்.